நோயுற்ற மட்டக்குதிரையை வாங்கலாமா?

பூவிருந்தவல்லியில் மட்டக்குதிரை ஒன்று விலைக்கு வந்தது. அதன் தோலில் நோய் கண்டிருந்தது. அதனை விலை கொடுத்து வாங்குவது ஜீவதயை ஆகுமா, அன்றி ஜீவதயை என்னும் பெயரால் உயிர் வாணிகத்துக்கு நாம் அளிக்கும் ஊக்கம் ஆகுமா? இக்கேள்வியோடு நம் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு சித்திரையில் நம்மைக் காண வந்தார். ஆவடித் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், நம் சமூகத்தவர், திருமழிசைக்கு அப்பால் சிறு தென்னந்தோப்பும் இரண்டு பசுக்களும் உடையவர். வினா எளியது போலத் தோன்றியமையால் நாம் அன்றே விடை கூறிவிட்டோம். அவ்விடையைப் பின்னர் மாற்றிக்கொள்ள நேர்ந்தது. அது ஏன் என்பதை எழுதினால் அன்பர்கள் சிலருக்கேனும் பயன்படலாம்.

அந்தக் குதிரை திருமண ஊர்வலங்களுக்கும், பொருட்காட்சிகளில் குழந்தைகளை ஏற்றிச் சுற்றுவதற்கும் வாடகைக்குச் சென்று வந்தது. கழுத்திலும் தோளிலும் மயிர் உதிர்ந்து, தோல் தடித்து மடிப்பு விழுந்து, சுவரில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாகிவிட்டது. சொறி பிடித்த குதிரையில் மாப்பிள்ளையை ஏற்றுவார் யார்? வருவாய் நின்றது. உரிமையாளர் ரூ. 25,000 தந்தால் கொடுத்துவிடுவதாகக் கூறினார். மாணவரின் ஒன்பது வயதுப் பேத்தி, திருமண மண்டபம் ஒன்றின் பின்புறம் கட்டியிருந்த அதனைக் கண்டு வந்த நாள் முதல் வீட்டில் வேறு பேச்சில்லை. "வாங்காதீர்கள், காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்" என்றார் மகன். மனைவியாரோ வேறொன்று சொன்னார். அதனைப் பின்னர் உரைப்போம். அதுவே இக்கட்டுரையின் கடினமான பகுதி.

"வேண்டாம் தம்பி" என்பதே அன்று நாம் கூறிய விடை. அதற்கு நாம் காட்டிய சான்றும் வலியதே. புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் கொலைக்குப் பொறுப்பாளியைத் தேடிக்கொண்டு கசாப்புக்காரனிடம் மட்டும் செல்லவில்லை, வாங்குபவனிடமும் செல்கிறார். தின்பவர் இல்லையெனில் விற்பவரும் இல்லை என்பது அவர் கணக்கு. நீலகேசியும் பௌத்தரோடு வாதிடும்போது இதே வழியில் நின்று, கொன்றவன் வேறு, காசு கொடுத்துத் தின்றவன் வேறு என்னும் பிரிவினையை ஏற்க மறுக்கிறாள். 1936-ஆம் ஆண்டில் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்த நூலில் அவ்வாதத்தை அன்பர்கள் படித்திருப்பார்கள். மேலும், இல்லறத்தார் விலக்க வேண்டிய பதினைந்து தொழில்களை எண்ணும் நூல்கள், மயிருடைய உயிர்களை வாங்கி விற்பதையும் அவற்றுள் ஒன்றாக வைத்துள்ளன. இன்று நாம் கொடுக்கும் இருபத்தையாயிரம் நாளை மற்றொரு குதிரையாகி அதே மண்டபத்தின் பின்புறம் நிற்கும். ஆகவே வேண்டாம் என்றோம்.

மாணவர் தலையசைத்து எழுந்தார். வாயிலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "டீச்சர், நான் வாங்கவில்லை என்றால் அது எங்கே போகும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். பள்ளியில் கணக்கில் தடுமாறிய பிள்ளை அவர். அன்று நம்மைத் தடுமாற வைத்தார்.

அன்றிரவு நேமிநாத சுவாமியின் வரலாற்றை மறுபடி எண்ணினோம். போளூருக்கு அருகிலுள்ள திருமலையில் பாறையில் செதுக்கிய பதினாறு அடி உயரமுள்ள அவர் திருவுருவின் முன் நின்ற எவரும் அவ்வரலாற்றை எண்ணாமல் இருக்க முடியாது. மணமகனாகத் தேரில் வருகிறார். வழியில் பட்டிகளில் அடைபட்ட விலங்குகளின் ஓலம் கேட்கிறது. அவை தம் திருமண விருந்துக்காக அடைக்கப்பட்டவை என்று அறிகிறார். திருமணத்தையே துறந்து கிர்நார் மலைக்குச் செல்கிறார். அவர் அவ்விலங்குகளை விலை பேசவில்லை. விருந்து வேண்டாம் என்றார். விலங்குகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று. அவருடைய மறுப்பே பட்டியின் கதவைத் திறந்தது.

நாம் வாங்க மறுத்தால் பூவிருந்தவல்லியில் எந்தக் கதவு திறக்கும்? அக்குதிரை நமக்காகக் கட்டப்பட்டதன்று. புலாலை மறுப்பவன் மறுத்த அளவில் ஓர் உயிரின் மீதுள்ள கத்தியை விலக்குகிறான். ஏனெனில் கத்தி அவனுக்காகவே தீட்டப்பட்டது. நோயுற்ற குதிரையை வாங்க மறுப்பவன் எதனையும் விலக்குவதில்லை. விலை இன்னும் இறங்கும். மணலோ செங்கல்லோ ஏற்றும் வண்டிக்கு அதனைப் பூட்டத் துணிபவர் ஒருவர் வாங்குவார். மற்றொன்றும் நோக்க வேண்டும். புண்ணைக் காட்டி இரக்கத்தை விலையாக்கும் வாணிகம் உலகில் உண்டு. பிச்சை எடுப்பதற்காகப் பிள்ளையின் கையைக் கட்டிவைக்கும் கொடுமை போன்றது அது. அங்கே இரங்குபவனின் காசே அடுத்த புண்ணைச் செய்யும். இங்கே புண் குதிரையின் விலையைக் குறைத்ததேயன்றிக் கூட்டவில்லை. குறளின் கணக்கு தவறன்று; அதனை நாம் பொருந்தாத இடத்தில் போட்டிருந்தோம்.

மறுநாள் மாணவரை உடன் அழைத்துக்கொண்டு குதிரையைப் பார்க்கச் சென்றோம். பார்க்காமல் அறம் உரைத்தது நம் முதற் பிழை. பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் இப்பொழுது மெட்ரோ இரயிலின் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. ஜட்கா வண்டிகள் ஓடிய சாலை அது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். குதிரையின் உரிமையாளருடைய தந்தையார் அச்சாலையில் ஜட்கா ஓட்டியவர். கொடியவரைக் காணப் போகிறோம் என்று எண்ணிச் சென்ற நாம் கண்டவர், வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துத் தம் கையாலேயே புண்ணில் பூசிக்கொண்டிருந்தவர். அடிக்கும் கோல் எதுவும் அங்கே இல்லை. தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் இருந்தது. கொள்ளு வாங்கக் காசில்லை. தவிடு மட்டும் கொடுத்து வந்தார். குதிரை விலா எலும்பு தெரிய நின்று, நம்மைப் பொருட்படுத்தாமல் கழுத்தைத் தூணில் தேய்த்துக்கொண்டேயிருந்தது. நாம் நின்ற கால் மணி நேரத்தில் அது தேய்ப்பதை நிறுத்திய பொழுது மிகக் குறைவு. அரிப்பு என்பது உறக்கத்தையும் உணவையும் ஒருங்கே பறிக்கும் துன்பம். குத்தும் வலியைவிடச் சிறிதென்று எண்ணுபவர்கள் அதனை அனுபவியாதவர்கள்.

தத்துவார்த்த சூத்திரம் அகிம்சை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது: கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மிஞ்சிச் சுமை ஏற்றல், உணவும் நீரும் மறுத்தல். விலங்கை வைத்துப் பிழைப்பவரைக் கருதியே எழுதியது போலிருக்கும். அந்த ஐந்தனுள் உரிமையாளர் மீது ஏறக்கூடியவை முதலாவதும், ஓரளவு ஐந்தாவதும். அவ்வளவே. நோய் அவர் செய்ததன்று.

மகன் கூறிய புகார் வழியையும் எண்ணிப் பார்த்தோம். ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்களவையில் 1953-இல் கொண்டுவந்த தனி மசோதாவின் பயனாகப் பிறந்த 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், புண்ணும் நோயும் உடைய விலங்கை வேலை வாங்குவதைக் குற்றம் என்கிறது. 1965-ஆம் ஆண்டு விதிகள் மட்டக்குதிரையின் முதுகில் ஏற்றும் பொதிக்கு 70 கிலோ என்று எல்லை வகுத்தன. சுமையைப் பற்றி நம் ஆச்சாரியர்கள் கூறியதை அரசு நிறுவைக் கல்லில் கூறியிருக்கிறது என்று மகிழலாம். ஆனால் இவர் குதிரையை வேலை வாங்கவில்லை. வேலை இல்லாமையாலேதான் விற்க வந்தார். முதற் குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த தண்டம் பத்து ரூபாய் முதல் ஐம்பது வரை. அந்தத் தண்டத்தால் குதிரையின் ஒரு வேளைத் தீவனமும் கிடைக்காது.

இனி மாணவரின் மனைவியார் கூறியதற்கு வருவோம். அவர் நாள்தோறும் சாமாயிகம் செய்பவர். தண்ணீரை வடிகட்டாமல் வாயில் ஊற்றாதவர். அவர் சொன்னது இது: "குதிரையை வாங்கினால் மருந்து போட வேண்டும். சொறி என்பது பூச்சி. மருந்து என்பது பூச்சியைக் கொல்வது. ஓர் உயிரைக் காக்க ஆயிரம் உயிரைக் கொல்லும் பொறுப்பை விலை கொடுத்து வாங்கி வருவானேன்? குதிரை அவரிடம் இருக்கும் வரை அந்தப் பாவம் நம்முடையதன்று."

இதனை மூடநம்பிக்கை என்று மகன் நகைத்தார். நாம் நகைக்கவில்லை. பேனும் மூட்டையும் எறும்பும் மூவறிவுயிர்கள் என்று படித்தவர்கள், கண்ணுக்குத் தெரியாத சிறுமையால் மட்டும் சொறிப் பூச்சியைக் கணக்கினின்று நீக்கிவிட முடியாது. அது குதிரையை வருத்த வேண்டும் என்று எண்ணி வந்ததன்று. தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுவது அதன் வாழ்வு. குதிரைக்குத் தன் உயிர் இனியது போலவே அதற்கும் தன் உயிர் இனியது. நம் நெறியை மெய்யாகவே ஏற்றவர்க்கு இவ்வினா எழாமற் போனால்தான் வியப்பு.

முதலில், பூச்சிதானா என்பதை அறிய விரும்பினோம். குதிரைக்கு வரும் தோல் நோய்கள் பல. வெப்பமும் ஈரமும் உள்ள ஊர்களில், கொசுவினும் சிறிய ஒருவகைப் பூச்சி அந்தியிலும் விடியலிலும் கடிப்பதால், சில குதிரைகளுக்குப் பிடரி மயிரின் அடியிலும் வாலின் அடியிலும் பொறுக்க முடியாத அரிப்பு உண்டாகும். ஏரிக்கரைச் சேறு அப்பூச்சிக்கு உவந்த இடம்; செம்பரம்பாக்கம் ஏரி அருகிலேயே இருக்கிறது. அந்நோயாயின் எந்த உயிரையும் கொல்ல வேண்டியதில்லை. மாலையில் லாயத்துக்குள் கட்டி, மெல்லிய துணி போர்த்தி, விசிறி வைத்தால் கடியைப் பெரிதும் தவிர்க்கலாம். அதுவாக இருக்க வேண்டுமே என்று நாம் உள்ளூர வேண்டினோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். படர்தாமரையாகவும் இருக்கலாம். நாம் கேள்வியுறாத ஒன்றையும் கால்நடை மருத்துவர் சொன்னார்: கிளாண்டர்ஸ் என்று ஒரு தொற்று நோய் உண்டு, அதுவும் தோலில் கட்டிகளாகவும் புண்களாகவும் தோன்றக்கூடும், மனிதரையும் பற்றும். இந்தியாவில் 2006-இல் மகாராஷ்டிரத்தில் மீண்டும் தலைகாட்டிய அந்நோய் உறுதியானால், 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி குதிரையை வலியின்றிக் கொன்றுவிடுவதே முறை. இரத்தம் எடுத்துச் சோதிக்காமல் நோயுற்ற குதிரையைக் குழந்தைகள் உள்ள வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று அவர் கண்டிப்பாகக் கூறினார். இரக்கத்தால் வாங்குவோர் இதனை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

இரத்தச் சோதனையில் அந்த அச்சம் நீங்கியது. தோலைச் சுரண்டி எடுத்து உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்ததில் பூச்சிகள் இருந்தன. நாம் வேண்டியது நடக்கவில்லை. அம்மையார் அஞ்சியதே நடந்தது. மருத்துவர் நம்மையும் உருப்பெருக்கியில் பார்க்கச் சொன்னார். உருண்டையான உடல், குட்டையான கால்கள். அசைந்துகொண்டிருந்தது.

அம்மையாரின் வாதத்தில் நமக்கு உடன்பாடு இல்லாத இடம் ஒன்றே. "குதிரை அவரிடம் இருக்கும் வரை அந்தப் பாவம் நம்முடையதன்று" என்றாரே, அந்த இடம். பூச்சிகளின் உயிருக்காக அவர் வருந்தியது மெய். ஆனால் அவ்வாக்கியம் பூச்சியைப் பற்றியதன்று, குதிரையைப் பற்றியதுமன்று. தம் கையைப் பற்றியது. குதிரை வேறொருவரிடம் போனால் பூச்சிகள் பிழைக்கும் என்றும் இல்லை. அங்கே டீசலோ கழிவு எண்ணெயோ பூசுவார்கள்; பூச்சியும் சாகும், குதிரையின் தோலும் வேகும். உமாசுவாமி ஆச்சாரியர் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது உயிர் பிரிவதை மட்டும் கூறி நிறுத்தவில்லை. கவனமின்மையாலும் கஷாயங்களாலும் மனம் மொழி மெய்கள் இயங்குவதை முதலில் வைத்தார். அமிர்தசந்திர ஆச்சாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதனை விரித்து, கொல்லாதவனும் இம்சையின் பயனை எய்தலாம், கொன்றவனும் எய்தாதிருக்கலாம் என்று காட்டுகிறார். நம் கை தூய்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக ஐயறிவுயிர் ஒன்றை அரிப்பிலேயே விட்டு அப்பாற் செல்வதும் பிரமாதமே என்று நாம் கருதுகிறோம்.

இதனைக் கூறிய கையோடு ஓர் எச்சரிக்கையும் தேவை. உள்ளம் நல்லதாயின் எதனையும் கொல்லலாம் என்று இவ்விலக்கணத்தை வளைப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம். கொசுவத்தியைக் கொளுத்திவிட்டு அமிர்தசந்திரரைத் துணைக்கு அழைப்பார்கள். மருந்து கொடுக்கும் கை பூச்சியைக் கொல்லும் என்று அறிந்தே கொடுக்கிறது. அதனை அறியாமல் நேர்ந்த ஆரம்ப இம்சையோடு சேர்த்து மறைத்துவிடுவது நேர்மையன்று. குறைந்த இம்சை, இம்சை அல்லாதது ஆகிவிடாது. இதனை அம்மையாரிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "அப்படியானால் கொல்கிறோம் என்று சொல்லிக்கொண்டே கொடுங்கள், காப்பாற்றுகிறோம் என்று மட்டும் சொல்லாதீர்கள்" என்றார். இதைவிடத் தெளிவாக நாம் எழுதிவிட முடியாது.

அயனாவரத்தில் 1906-ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் மெட்ராஸ் பிஞ்சரபோலுக்கு அனுப்பிவிடலாமே என்று உறவினர் ஒருவர் யோசனை கூறினார். பசுக்கள் மிகுந்த இடத்துக்குத் தொற்றும் சொறியுடைய விலங்கைக் கொண்டு செல்வது முறையன்று என்று நாமே அதனைக் கைவிட்டோம். அம்மையார் கலங்கிய பொறுப்பை வேறு யாருக்கோ மாற்றுவதாகவும் அது இருந்திருக்கும்.

வாங்குவது என்று முடிவாயிற்று. விலை பேசும்போது மற்றொரு சங்கடம் தோன்றியது. மாணவர் புண்களை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டி இருபத்தைந்தைப் பதினைந்தாக்கிவிட்டு மகிழ்ச்சியோடு நம்மைப் பார்த்தார். அவர் பொய் ஏதும் சொல்லவில்லை. சந்தை முறையில் குற்றமும் இல்லை. ஆயினும் குதிரையின் துன்பத்தைச் சொல்லி நாம் பத்தாயிரம் ஆதாயம் பெற்றோம் என்பது நெஞ்சில் தைத்தது. முழு விலையையும் கொடுத்திருந்தால் அடுத்த குதிரை விரைவில் வந்திருக்கும் என்பதும் உண்மை. எது சரி என்று இன்றும் நமக்குத் துணிபு இல்லை. அந்தப் பத்தாயிரத்தைக் குதிரையின் மருந்துக்கும் கொள்ளுக்கும் என்று தனியே எடுத்து வைக்கச் செய்தோம். அந்த ஏற்பாடு உரிமையாளர்க்கு எவ்வகையிலும் நீதி ஆகாது.

'இனிக் குதிரை வாங்க மாட்டேன்' என்று அவரிடம் வாக்குப் பெற வேண்டும் என்று மகன் சொன்னார். பிழைப்புக்கு வேறு வழி காட்டாமல் அவ்வாறு கேட்க நமக்கு நா எழவில்லை.

மருந்து கொடுத்தது வைகாசியில். ஐவர்மெக்டின் என்னும் அம்மருந்து ஜப்பானிய மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பெற்ற பொருளினின்று உருவானது. அதற்காக 2015-இல் இருவர் நோபெல் பரிசு பெற்றனர். ஆப்பிரிக்காவில் எத்தனையோ ஏழை மனிதரின் கண்பார்வையைக் காத்த மருந்தும் அதுவே. மருத்துவர் குதிரையின் எடையைக் கணித்து அளவு சொன்னார். மாணவர் வாயில் கொடுத்தார். நாம் கயிற்றைப் பிடித்துக்கொண்டோம். பிடிக்காமலே இருந்திருக்கலாம், அது சாதுவான விலங்கு. எனினும் யோசனை கூறியவர் கயிற்றையாவது பிடிக்க வேண்டும் என்று தோன்றியது. அம்மையார் அன்று உபவாசம் இருந்தார். இரண்டு வாரம் கழித்து மறுபடி கொடுத்த அன்றும் உபவாசம் இருந்தார். அன்று நாமும் இருந்தோம். பழைய சேணத் துணியை எரிக்காமல் வெயிலில் ஒதுக்குப்புறமாகப் போட்டு வைத்ததும் அவர் செய்த ஏற்பாடே. பேத்தியைத் தோல் ஆறும் வரை குதிரையைத் தொடவிடவில்லை. அந்தப் பூச்சி மனிதத் தோலிலும் சில நாள் தொல்லை தரும் என்று மருத்துவர் கூறியிருந்தார்.

ஆடி முடிவதற்குள் கழுத்தில் புது மயிர் அரும்பியது. குதிரை தூணில் தேய்ப்பதை விட்டுப் படுத்து உறங்கத் தொடங்கியது. சிறுமி இன்னும் ஏறவில்லை. ஏறலாமா என்பதை அவளே முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறோம். சேணம் படும் இடத்தில் தோல் இன்னும் மெல்லியதாகவே இருக்கிறது என்று அவளே நமக்குச் சொல்கிறாள்.

ஆவணியில் ஒரு நாள் மாலை பழைய உரிமையாளர் தோப்புக்கு வந்தார். அந்தியூர் குருநாதசுவாமி கோவில் ஆடித் திருவிழாச் சந்தையில் வாங்கியதாக வெள்ளை மட்டக்குதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். நாம் அஞ்சியதும், மகன் முன்னமே சொன்னதும் கண்ணெதிரே நின்றன. மகன் எழுந்து உள்ளே போய்விட்டார். உரிமையாளர் பழைய குதிரையின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். அது அவரை அறிந்துகொண்டது. பிறகு, புதியதும் இரண்டு நாளாகத் தோளைத் தேய்க்கிறது, அந்த மருந்தின் பெயர் என்ன, அந்த மருத்துவர் எங்கே இருக்கிறார், நம்மைப் போன்றவர்களைப் பார்ப்பாரா என்று கேட்டார். மாணவர் நம்மைப் பார்த்தார். நாம் அம்மையாரைப் பார்த்தோம். அவர் உள்ளே சென்று, மருத்துவரின் முகவரி எழுதிய தாளைக் கொண்டுவந்து கொடுத்து, முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள், பூச்சி இல்லாமலும் இருக்கலாம் என்றார்.